வீடு மட்டும் மேலே போயிற்று

உங்களுக்கும் எனக்கும் பால் தீர்ந்து போனால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய் வருவோம். கேரவனில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கட்டில், அடுப்பு, குளியலறை, ஜன்னலில் காயும் துண்டு எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டும். நம் டிரைவரும் கண்டக்டரம்மாவும் அன்று காலை அப்படித்தான் இறங்கினார்கள். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினார்கள் என்பதுதான் விசேஷம்.

ஏன் பேசவில்லை என்பது போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

டிரைவர் வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். கண்டக்டரம்மா அவர் மனைவி. ஒரே டிப்போ, பெரும்பாலும் ஒரே பஸ். அவர்களுடைய இரண்டாவது பிள்ளை சின்னவன். அவனும் அதே டிப்போவில் டிரைவராகச் சேர்ந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனை முதன்முதலாக மலைப் பாதைக்குப் போட்டார்கள். அன்று அம்மாதான் கண்டக்டர். மகன் ஓட்டுகிற அழகைப் பார்க்க, லீவு போட்டுவிட்டு அப்பாவும் முதல் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் சின்னவனுக்குக் கை உதறல் எடுத்தது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது, எடுக்க வரவில்லை. பஸ் நிறைய ஜனம், ஆளுக்கொரு அவசரம். அப்பா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கீழே இறக்கி நிறுத்தினார். இங்கேயே நின்று காற்று வாங்கு, திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்கிறேன் என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். தானே சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் திரும்பி, "தட்டு" என்றார்.

கண்டக்டரம்மா பஸ்ஸின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். ஒன்று தட்டினால் நில், இரண்டு தட்டினால் புறப்படு. அந்தக் குடும்பத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த கணக்கு அது.

பஸ் புறப்பட்டது. திரும்பி வரும்போது வளைவில் சின்னவன் இல்லை. வீட்டுக்கும் வரவில்லை. அக்காவுக்கு மட்டும் எப்போதாவது போன் பண்ணி, உயிரோடு இருக்கிறேன், யாரிடமும் சொல்லாதே என்பான்.

ஓய்வு பெற்ற கையோடு டிரைவர் இந்தக் கேரவனை வாங்கினார். ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்றார். சுற்றினார்கள். எந்த ஊரிலும் அவருக்கு இரண்டு நாளைக்கு மேல் கால் தரிக்கவில்லை. முந்தின நாள்தான், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அந்த அக்கா, வாய் தவறி அம்மாவிடம் உளறிவிட்டாள். நீங்கள் தங்கியிருக்கிற கேம்புக்குக் கீழே ஒரு சின்ன டவுன் இருக்கிறதே, அங்கே லாண்டரியில்தான் தம்பி இருக்கிறான்.

போய்ப் பார்க்கலாம் என்றார் கண்டக்டரம்மா. டிரைவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போனவன்தான் வரணும்."

"போனது அவனா, நாமளா?"

அத்தோடு பேச்சு நின்றது. மறுநாள் விடிந்ததும், நாளைக் காலை வேறு மலைக்குக் கிளம்புகிறோம் என்று டிரைவர் காற்றைப் பார்த்து அறிவித்தார். ஆகவே கண்டக்டரம்மாவுக்கு இருந்தது இந்த ஒரு நாள்தான்.

*

கேரவனைக் கிளப்புவது பஸ்ஸைக் கிளப்புவது போல இல்லை. சரிவான புல்தரையில் வண்டி மட்டமாக நிற்கச் சக்கரத்துக்கடியில் கொடுத்திருக்கும் மரக்கட்டைகளை எடுக்க வேண்டும். தண்ணீர்க் குழாயைச் சுருட்ட வேண்டும். கரண்ட் வயரைக் கழற்ற வேண்டும். இதெல்லாம் டிரைவர் வேலை. உள்ளே கூரை ஜன்னலை இறக்குவது, சாமான் அலமாரியின் கொக்கியை மாட்டுவது, கதவைச் சாத்தி இரண்டு தட்டு தட்டுவது கண்டக்டரம்மா வேலை.

தட்டிவிட்டு அவர் முன்னால் வந்து உட்காருவதில்லை. பின்பக்கக் கதவை ஒட்டிய சோபாதான் அவர் இடம். எத்தனையோ வருஷம் பஸ்ஸின் பின்பக்கத்திலேயே பிழைத்தவருக்கு முன் சீட்டில் உட்கார்ந்தால் யாரோ டிக்கெட் வாங்காமல் இறங்கிப்போகிற மாதிரி இருக்குமாம். நடுவில் ஒரு திரை. சாதாரண நாளில் அது திறந்திருக்கும். அன்றைக்கு இழுத்து மூடியிருந்தது.

டவுனில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி டிரைவர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார். கண்டக்டரம்மா பாலும் ரொட்டியும் வாங்கி வந்து உள்ளே வைத்தார். பிறகு அழுக்குத் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி இறங்கினார். சாலைக்கு அந்தப் பக்கம் லாண்டரி இருந்தது. டிரைவர் அந்தத் திசைக்கே முகத்தைக் காட்டாமல் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

சிறிது நேரத்தில் பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது.

அதற்குள் பார்த்துவிட்டு வந்துவிட்டாளா, அவன் இல்லையோ, இருந்தும் பேசவில்லையோ என்று யோசித்தார். கேட்டுவிடலாம்தான். ஆனால் முதலில் பேசியவர் தோற்றவர் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். கியரைப் போட்டார்.

முதல் வளைவு திரும்பியதும் பின்னால் சாமான்கள் கடகடவென்று உருண்டன.

டிரைவருக்குப் புரிந்துவிட்டது. கோபம் வந்தால் கண்டக்டரம்மா வாயால் பேசமாட்டார், பாத்திரத்தால் பேசுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுப் பழகிய மொழி அது.

"சரி, உனக்குக் கோபம். நியாயம்தான்," என்றார் திரையைப் பார்க்காமல்.

அடுத்த வளைவில் ஒரு டம்ளர் விழுந்தது.

தோற்றால் தோற்றுப் போகிறேன் என்று அவர் பேச ஆரம்பித்தார். சாலையைப் பார்த்துக்கொண்டு பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாததெல்லாம் வந்தது. ஊர் சுற்றிப் பார்க்கவா நான் இந்த வண்டியை வாங்கினேன் என்று நினைக்கிறாய் என்று கேட்டார். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பஸ் ஸ்டாண்டைத்தான் பார்க்கிறேன் என்றார். ஒவ்வொரு வளைவிலும் ஓரத்தில் யாராவது நின்றால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது, அது உனக்குத் தெரியாது, நீ பின்னால் இருக்கிறாய் என்றார்.

வண்டி வலது பக்கம் சாய்ந்து திரும்பியது. ஏதோ நொறுங்கியது.

"உடை. எல்லாத்தையும் உடை. ஆனா இதைக் கேளு." கியரை மாற்றினார். "அன்னிக்கு அவன் கை உதறினதைப் பாத்து எனக்குப் பயம் வந்துச்சு. அவனுக்கு என்னமோ ஆகப்போகுதுன்னு பயம். பயந்துட்டேன்னு காட்டிக்கத் தெரியல, இறக்கி விட்டுட்டேன். இன்னைக்கு இங்கதான் இருக்கான்னு தெரிஞ்சும் இறங்கிப் போகாததும் அதே பயம்தான். என்னைப் பாத்து முகத்தைத் திருப்பிக்கிட்டான்னா நான் என்ன பண்ணுவேன்?"

அதற்கு அப்புறம் பாதை கொஞ்ச தூரம் நேராகப் போயிற்று. பின்னால் சத்தமே இல்லை. கண்டக்டரம்மா சமாதானம் ஆகிவிட்டார் என்று டிரைவர் எடுத்துக்கொண்டார். மனசு லேசாகி, ஒரு பழைய மெட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

*

கேரவன் முதல் வளைவில் மறையும் வரை கண்டக்டரம்மா லாண்டரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை, ஓடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.

உள்ளே சோப்பு வாசனையும் சூடும் ஆளைத் தள்ளின. சுவரோரம் வரிசையாக மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நீள மேஜைக்குப் பின்னால் ஒருவன் குனிந்து விரிப்பு மடித்துக்கொண்டிருந்தான். நிமிராமலே கையை நீட்டிப் பையை வாங்கினான். மேஜையில் கொட்டி வெள்ளையை ஒரு பக்கம், நிறத்தை ஒரு பக்கம் ஒதுக்கினான். ஒரு காக்கிச் சட்டை வந்தது. அதன் பாக்கெட்டுப் பொத்தான் சிவப்பு நூலில் தைத்திருந்தது. எந்தத் துணிக்குப் பொத்தான் தைத்தாலும் சிவப்பு நூலில் தைக்கிறவர் அவனுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான்.

சின்னவன் சட்டையைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தான்.

தாடி வைத்திருந்தான். தோள் இறங்கியிருந்தது. கண்டக்டரம்மா மூன்று வருஷமாக இந்த நிமிஷத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஒட்டுமொத்தமாக லீவு போட்டுவிட்டன.

"இளைச்சிட்ட," என்றார்.

"இங்க சூடு அதிகம்மா."

அவ்வளவுதான் வந்தது இரண்டு பேருக்கும். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். இவர் உட்கார்ந்தார். அக்காதானே சொன்னாள் என்று கேட்டான். ஆமாம் என்றார். பிறகு அவன் வாசலைப் பார்த்தான். வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிறான் என்பது அம்மாவுக்குத் தெரியாதா.

"வண்டி போயிடுச்சு. என்னை விட்டுட்டு மேல போயிட்டார்."

சின்னவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "விட்டுட்டுப் போறது அவருக்குப் பழக்கம்தானே."

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. அவருக்காக ஒரு சமாதானம் சொல்லலாம் என்று வாயெடுத்தவர், சொல்லவில்லை.

"அவர் மட்டுமாடா? அன்னிக்குத் தட்டினது நான்."

"தெரியும்மா. ரோட்டுலதானே நின்னுக்கிட்டிருந்தேன். கேட்டுச்சு."

ஒரு மெஷின் சுற்றி முடித்து நின்றது. அவன் எழுந்து போய்த் துணிகளை எடுத்து, அடுத்ததில் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தான். அதுவரை கண்டக்டரம்மா அந்த ஒரு வார்த்தையோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு தட்டும் அவன் காதில் விழுந்திருக்கிறது. பஸ் தன்னை விட்டுப் போகிறது என்று அவனுக்குச் சொன்னது அவர் கைதான். இத்தனை நாளும் அவருக்கு இது தோன்றவே இல்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்தது.

சின்னவன் பேச்சை மாற்றினான். போன் பண்ணிக் கூப்பிடுங்களேன் என்றான். போன் வண்டியில் சார்ஜில் கிடக்கிறது என்றார். என் போனில் பேசுங்கள் என்றான். அப்பா நம்பர் ஞாபகம் இல்லை என்றார். எந்த ஸ்டாப்பிலிருந்து எந்த ஸ்டாப்புக்கு எவ்வளவு டிக்கெட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னவர் இப்படிச் சொன்னார். அவனுக்கும் அந்த நம்பர் தெரியும். அவனும் சொல்லவில்லை.

வாடகை வண்டி ஒன்று பிடித்துத் தருகிறேன் என்றான்.

"முன்னப் பின்ன தெரியாத வண்டியில நான் ஏற மாட்டேன். நீ கொண்டு போய் விடு."

அவன் முகம் மாறியது. லாண்டரிக்கு ஒரு வேன் இருந்தது. டவுனுக்குள் அவன்தான் அதை ஓட்டுகிறான். மலைப் பாதைக்கு மட்டும் வேறு ஆள். சேர்ந்த அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்ட சலுகை அது.

"மேல நான் போறதில்லம்மா."

கணக்கு மேஜையிலிருந்து லாண்டரி முதலாளியம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லவர்தான், ஆனால் மற்றவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மேல் ரூட் பையன் காய்ச்சலில் படுத்திருக்கிறான், கேம்புக்குப் போக வேண்டிய விரிப்பெல்லாம் கட்டி வைத்தபடி இருக்கிறது, யார் போனாலும் சரி என்று பொதுவாக ஒரு வார்த்தையை விட்டார்.

கண்டக்டரம்மா மகனை வற்புறுத்தவில்லை. முடியாவிட்டால் பரவாயில்லை, மேல் ரூட் பையன் எழுந்து வரும்வரை இங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அப்படிச் சொன்னால் நிஜமாகவே உட்கார்ந்திருப்பார். அது சின்னவனுக்குத் தெரியும்.

அவன் ஆணியிலிருந்து சாவியை எடுத்தான்.

"கேட் வரைக்கும்தான். உள்ள வர மாட்டேன். அவரைப் பாக்க மாட்டேன்."

"சரி."

*

மேலே கேம்ப் கேட்டுக்கு முன்னால் டிரைவர் வண்டியை நிறுத்தினார். உள்ளே திரும்பும் இடம் குறுகல். அங்கே கண்டக்டரம்மா இறங்கிப் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். டிரைவர் காத்திருந்தார். கதவு திறக்கவில்லை.

"இறங்கலையா?" என்று கேட்டுக்கொண்டே திரையை விலக்கினார்.

சோபா காலியாக இருந்தது. சாமான் அலமாரி இரண்டு கதவையும் விரித்துக்கொண்டு நின்றது. தரை முழுக்கக் கண்ணாடிச் சில்லும் தட்டுகளும். பால் பாக்கெட் மூலைக்கு உருண்டிருந்தது.

குளியலறைக் கதவைத் தட்டிப் பார்த்தார். கட்டிலுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தார் என்றால் அவர் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மனைவியின் நம்பரைப் போட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் அவள் போன் மணி அடித்தது.

வழி நெடுக அவரோடு பேசிக்கொண்டு வந்தது கொக்கி மாட்டாத அலமாரி.

உடனே கீழே போக வேண்டும். வண்டியைத் திருப்பப் பார்த்தார். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று திருப்பியதில் கேரவன் கேட்டுக்குக் குறுக்கே வந்து நின்றது. பின்னால் பள்ளம். பின்னால் ஆள் நின்று தட்டாமல் ரிவர்ஸ் எடுப்பதில்லை என்பது அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வைத்திருக்கும் விரதம். கேட் வாட்ச்மேன் ஓடிவந்து, நீச்சல் அடிக்கிறவர் போல இரண்டு கையையும் வீசி வா வா என்றார். அந்தக் கையை நம்பி ஒரு வீட்டைப் பள்ளத்தில் இறக்க டிரைவர் தயாராக இல்லை. இன்ஜினை அணைத்தார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சாலையில் இறங்கி நடந்தார்.

பாதி நடை, பாதி ஓட்டம். தெரியாத ஊரில் கையில் போன்கூட இல்லாமல் அவளை நிறுத்திவிட்டு வந்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. இரண்டாவது வளைவில் மூச்சு வாங்கி நின்றார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் காற்று. ஒரு கார் மேலே போயிற்று. அதில் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாலையோரம் நிற்கிற ஆளுக்கு வண்டிகள் எவ்வளவு வேகமாகத் தெரியும் என்பது இத்தனை வருஷம் சீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு இன்றுதான் தெரிந்தது. இப்படித்தானே அவனும் நின்றிருப்பான் என்று நினைத்தபோது டிரைவர் அந்த வளைவிலேயே அழுதார். பார்க்க யாரும் இல்லை.

*

லாண்டரி வேன் அந்த நேரம் கீழே மூன்று வளைவு தள்ளி நின்றுகொண்டிருந்தது.

கண்டக்டரம்மா முன்னால் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்போம் என்ற பயம். பின்னால் விரிப்புக் கட்டுகளுக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டார். முதல் இரண்டு வளைவை அவன் எறும்பு ஊர்வது போல ஏறினான். அடுத்த வளைவில், பாதை கொண்டை ஊசியாக மடங்கும் இடத்தில், ஓரம் கட்டிவிட்டான்.

என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. முன்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவன் மூச்சு மட்டும் கம்பித் தடுப்பு வழியாகக் கேட்டது. பின்னால் வந்த கார் ஒன்று ஹாரன் அடித்தது. கண்டக்டரம்மா இறங்கிப்போய், கையைக் காட்டி, அதை மரியாதையாகத் தாண்டிப் போகச் சொன்னார். திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"என்னால முடியலம்மா. கை..."

"அவசரம் ஒண்ணும் இல்ல. ஏற ஆள் இல்ல, இறங்க ஆள் இல்ல. வண்டி நம்ம வண்டி."

"ரொம்ப நேரம் ஆகும்."

"ஆகட்டும்."

அவர் மடியில் கையைக் கோத்துக்கொண்டார். தகரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தட்டக்கூடாது, அவன் சொல்லாமல் இனி ஒருபோதும் தட்டக்கூடாது என்று இருந்தார்.

அன்றைக்கு இப்படிக் காத்திருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. பஸ் தாமதமாகியிருக்கும். நாலு பேர் திட்டியிருப்பார்கள். டிப்போவில் விளக்கம் கேட்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

வெயில் ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குப் போன பிறகு, முன்னால் சின்னவன் தனக்குத்தானே, "ரைட்," என்றான். வேன் நகர்ந்தது.

*

மேலே நின்ற டிரைவர், கீழிருந்து ஒரு வெள்ளை வேன் மெதுவாக வருவதைப் பார்த்தார். சாலைக்கு நடுவிலேயே போய் நின்று கையைக் காட்டினார். வேன் நின்றது. வெயில் கண்ணாடியில் பட்டு உள்ளே இருப்பது தெரியவில்லை. ஜன்னலில் கையை ஊன்றி, குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, கீழ டவுன்ல ஒரு அம்மாவைப் பாத்தீங்களா? துணிப்பை வச்சிருப்பாங்க. நான் விட்டுட்டு வந்துட்டேன்."

"பின்னாலதான் இருக்காங்கப்பா."

டிரைவர் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் எதைப் பார்ப்போமோ என்று இருந்தது. உள்ளேயிருந்து ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த கையைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இன்னொரு கையைப் பார்த்தார். அந்த விரல்களை ஒருநாள் ஒவ்வொன்றாகப் பிரித்தது அவர்தான். இன்று அவை இந்த மலையில் இவ்வளவு தூரம் வண்டியை ஏற்றிக் கொண்டுவந்திருந்தன. அவர் சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்து, ஏறி, மனைவிக்கு எதிரே ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தார்.

முதலில் பேசியவர் தோற்றவர் என்ற சட்டத்தை அவர் இரண்டாவது முறையாக மீறினார்.

"தட்டின சத்தம் கேட்டுச்சு. சத்தியமா கேட்டுச்சு. நீ ஏறிட்டேன்னு நினைச்சுத்தான் எடுத்தேன்."

"கேட்டிருக்கும். நான்தான் தட்டினேன்."

டிரைவர் விழித்தார்.

"கதவைத் திறந்து மூடினேன். கண்ணாடிக்குத் தெரியாத இடம் எதுன்னு எனக்குத் தெரியாதா? அங்க நின்னு தட்டினேன். நீங்க போனாத்தான் இவன் என்னைக் கொண்டு வந்து விடணும்னு ஆகும்."

"ஏன்டி, மலைப் பாதைல இவனை..."

"அன்னிக்கு நீங்க தட்டச் சொன்னீங்க, தட்டினேன். இவன் ரோட்டுல நின்னு கேட்டிருக்கான். இன்னிக்கு யாரும் சொல்லல. நானாத்தான் தட்டினேன்."

டிரைவர் குனிந்தார். காலில் ஒட்டியிருந்த ஒரு கண்ணாடிச் சில்லைப் பொறுமையாக எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டார். அலமாரிக் கொக்கி மாட்டாமல் கிடந்தது என்றார். தட்டுகிற நினைப்பில் கொக்கி மறந்து போச்சு என்றார் கண்டக்டரம்மா. அந்த டம்ளர் செட் போயிற்றா என்று கேட்டார். போயிற்று என்றார் இவர்.

"சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சா, நீதான் இருக்கேன்னு வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தேன்."

"என்ன பேசினீங்க?"

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மகனின் பிடரி தெரிந்தது. அங்கும் இங்கும் நரைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அப்புறம் சொல்கிறேன் என்றார் டிரைவர். உங்களுக்கும் எனக்கும் தெரியும், அதைச் சொல்ல வேண்டியது கண்டக்டரம்மாவிடம் இல்லை.

"கேட் வரைக்கும்தான்," என்றான் சின்னவன் முன்னாலிருந்து.

"கேட்டுலதான் வீடு குறுக்கே நிக்குது. பின்னால ஒரு ஆள் நிக்காம எடுக்க முடியாது."

சின்னவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நகரவில்லை.

டிரைவருக்கு வாய் வரை வந்துவிட்டது, "தட்டு" என்று. மனைவியைப் பார்த்தார். கண்டக்டரம்மா மடியில் கோத்த கையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். டிரைவர் அந்த வார்த்தையை விழுங்கினார்.

வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குக் கட்டுப்பட்டு வண்டி எடுத்தவர் அவர். ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. கையைத் தூக்கி வேனின் தகரத்தில் வைத்தார். எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.

ஒன்று தட்டினார். கை அங்கேயே நின்றுவிட்டது. முன்னால் மகனின் முதுகு விறைப்பதைப் பார்த்தார். ஒன்று என்றால் நில் என்பது அப்போதுதான் உறைத்தது. அவசர அவசரமாக இன்னொன்றையும் தட்டினார்.

முன்னால் கியர் விழுந்தது.